ஐசியூவில் முதல் மாதம்: நோயாளியை மதிப்பிடக் கற்றுக்கொள்வது எப்படி

இரவு டியூட்டி சிஸ்டர் "ஜிசிஎஸ் ஏழு" (நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். காலையில் வந்தவர் பார்த்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் சார்ட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, தேறி வருகிறாரே" என்றார். நோயாளி தேறவே இல்லை. இரவில் ஒருவர் நெஞ்செலும்பைத் தேய்த்துப் பார்த்திருந்தார், காலையில் இன்னொருவர் தோள்பட்டைச் சதையைக் கிள்ளிப் பார்த்திருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் காலை சிஸ்டர் நான்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

புதிதாக ஐசியூ பணியில் போடப்பட்ட செவிலியர்களுக்காகவும், ஆராய்ச்சி என்றாலே அது டாக்டர்கள் சமாச்சாரம் என்று நினைக்கும் நர்சிங் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். படுக்கையருகே நாம் போடும் எண்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆய்வில் பிறந்தவை. அங்கே எப்படிச் செய்து பார்த்தார்களோ அப்படிச் செய்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கை மாறினால் எண் மாறும், எண் மாறினால் மருந்து மாறும். உங்கள் பிரிவில் எழுதிவைத்த நடைமுறை ஒன்று இருக்கும். இங்கே சொல்வது அதற்கு முரணாகத் தெரிந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் மாற்றிவிடாதீர்கள்.

முதல் படி: தொடாமல் ஒரு நிமிடம்

கட்டிலின் கால்மாட்டில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, முழு 60 விநாடி நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். எந்த வார்டுச் சார்ட்டைப் புரட்டினாலும் சுவாசம் 18, 20, 18, 20 என்றே ஓடும். அத்தனை நோயாளிகளும் பேசிவைத்துக்கொண்டா மூச்சு விடுகிறார்கள்? மானிட்டர் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடு வழியாக அது கணக்கிடுகிறது. இருமினாலும், கையை அசைத்தாலும் ஏமாந்துபோகும்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் 2 என்ற வார்டு மதிப்பீட்டில், சுவாசம் 20 என்றால் பூஜ்யம், 21 முதல் 24 வரை 2 புள்ளி, 25-ஐத் தொட்டால் 3 புள்ளி. ஒரே அளவில் 3 வந்தாலே உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் உத்தேசமாக எழுதிய 20-க்கும் எண்ணினால் கிடைத்திருக்கும் 25-க்கும் நடுவே இருப்பது இதுதான்.

இரண்டாம் படி: விரல்

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஒளியைச் சதைக்குள் செலுத்தி ஆக்ஸிஜனை ஊகிக்கிறது. தோலின் நிறமும் அந்த ஒளியைக் குடிக்கும். 2020-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோது, ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்த நிலை எத்தனை முறை நேர்ந்தது என்று கணக்கெடுத்தார்கள். வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதே சதவீதம் நம்மூர்க் கறுப்புக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற மனிதர் முன்னால் நின்றுகொண்டு "சாச்சுரேஷன் 93 இருக்கே" என்று நிம்மதியடையாதீர்கள். ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தை எடுத்து நேரடியாக அளக்கும் சோதனை, எடுக்கலாமா என்று கேளுங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், விரல் சில்லிட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அதே விரலில் இன்னொரு சோதனை உண்டு, பைசா செலவில்லாதது. தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் செப்டிக் ஷாக்கில் (தொற்று முற்றி ரத்த ஓட்டம் சரிந்த நிலை) இருந்த 424 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது, பெயர் ஆண்ட்ரோமீடா ஷாக். ஒரு பிரிவினருக்கு ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளின் அளவை ஆய்வகத்தில் பார்த்துச் சிகிச்சையை நகர்த்தினார்கள். மற்றவர்களுக்கு விரலை அழுத்திவிட்டால் ரத்தம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்பதைப் பார்த்து. 28 நாளில் இறப்பு, லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல் பிரிவில் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டவில்லை. அதனால் விரலே உயர்ந்தது என்று கொடி பிடிக்க முடியாது. குறைந்ததில்லை என்று தோன்றுகிறது, ஆய்வகம் தூங்கும் நேரத்தில் அதுவே பெரிய விஷயம்.

ஆனால் எப்படி அழுத்தினார்கள் தெரியுமா? வலது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில் கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, அப்படியே 10 விநாடி பிடித்து, விட்டபின் நிறம் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார்கள். 3 விநாடிக்கு மேல் போனால் சரியில்லை. போகிறபோக்கில் நகத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு "நார்மல்" என்று எழுதுவது அந்த ஆய்வின் சோதனை அல்ல.

மூன்றாம் படி: நினைவு

1974-க்கு முன்பு மயக்கத்தை விவரிக்க ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். இன்றும் நம் ஹேண்டோவரில் "கேஸ் கொஞ்சம் டல்லா இருக்கு" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்த ஆண்டு லான்செட் இதழில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள், அதுதான் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்ற ஜிசிஎஸ். கண், பேச்சு, அசைவு என மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது. இன்றைய வடிவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. ஆகக் குறைந்தது 3, கூடியது 15. இருவர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்பது வருடம் கழித்து, 2014-ல், ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள் என்பதால் செய்முறையைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அந்தத் திருத்திய முறையின் வரிசை இது: தடை ஏதும் உண்டா என்று பார், கவனி, தூண்டு, பிறகு எழுது.

தடை என்றால் தொண்டையில் ட்யூப், கண் வீக்கம், காது மந்தம், கட்டுப்போட்ட கை. ட்யூப் போட்டவருக்குப் பேச்சில் 1 போடாதீர்கள். 1 என்றால் பேச முடிந்தும் ஒரு சத்தமும் வரவில்லை என்று பொருள். அங்கே "சோதிக்க முடியவில்லை" என்றே எழுத வேண்டும், அப்போது மொத்தம் கூட்டவே கூடாது.

அடுத்து, தூண்டாமல் கவனியுங்கள். நீங்கள் போனதும் கண்ணைத் திறந்து பார்த்தால் அது 4. அப்புறம் சாதாரணக் குரலில் பேசுங்கள், பிறகு சத்தமாக. பெயர், இருக்கும் இடம், மாதம் மூன்றும் சரியாகச் சொன்னால் பேச்சு 5. இங்கே நம்மூருக்கு ஒரு குறிப்பு: பாட்டியிடம் "என்ன மாசம்?" என்றால் "ஆவணி பொறந்து நாலு நாளாச்சு" என்பார். நமக்கு ஆகஸ்ட் என்ற விடைதான் தயாராக இருக்கும். பாட்டி சொன்னது சரியா என்று காலண்டரைப் பார்க்காமல் 4 போட்டுவிடாதீர்கள். குழப்பம் நம்முடையதாக இருக்கலாம்.

"என் கையைப் பிடிங்க" என்று சொல்லி, பிடித்தவுடன் 6 போடுவதும் தவறு. உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடிக்கும் அனிச்சை மூளைக் காயத்தில் வரும். பிடிக்கச் சொல்லி, விடவும் சொல்லுங்கள். அல்லது நாக்கை நீட்டச் சொல்லுங்கள்.

சொல்லுக்கு மசியவில்லை என்றால்தான் அழுத்தம். விரல் நுனியில் பேனாவால் அழுத்துவது ஓர் இடம், தோள்பட்டைத் தசையைக் கிள்ளுவது இன்னொன்று, புருவ எலும்பின் உள்பக்கப் பள்ளம் மூன்றாவது. படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி 10 விநாடி வரை. முகத்தில் எலும்பு முறிவு இருந்தால் புருவப் பக்கம் போகாதீர்கள். நெஞ்செலும்பைத் தேய்ப்பதை அந்த முறை சிபாரிசு செய்யவில்லை. தோல் கன்னிப்போகும், வரும் அசைவுக்கும் அர்த்தம் சொல்வது கடினம். கிள்ளிய இடத்தை நோக்கிக் கை கழுத்தெலும்புக்கு மேலே வந்தால் 5.

ஒப்படைக்கும்போது "ஒன்பது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கண் 2, பேச்சு 2, அசைவு 5, தோள்பட்டையில் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அடுத்தவர் அதே இடத்தில் பார்ப்பார்.

நான்காம் படி: வலி

வலிக்குது என்று சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செவிலியர்கள் நடத்திய தண்டர் ப்ராஜெக்ட் 2 என்ற பெரிய ஆய்வு 2001-ல் வந்தது. பெரியவர்களுக்கு மிக அதிக வலி தந்த செயல் ஊசியுமில்லை, சக்‌ஷனுமில்லை. புரட்டிப் படுக்கவைப்பது. இரண்டு மணிக்கொரு தரம் நாம் செய்கிற வேலை அது.

ட்யூபில் இருப்பவர்களுக்கு கனடாவின் செவிலியர் ஆய்வாளர் செலின் ஜெலினா 2006-ல் வெளியிட்ட சிபிஓடி அளவுகோல் இருக்கிறது. முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. கூட்டி 2-ஐத் தாண்டினால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓய்வில் ஒருமுறை, புரட்டும்போது ஒருமுறை என இருமுறை பாருங்கள். நாடித்துடிப்பும் பிபியும் ஏறினால்தான் வலி என்று காத்திருக்காதீர்கள், அவை தனியாக நம்பத்தக்க சாட்சி அல்ல.

ஐந்தாம் படி: எவ்வளவு மயக்கம்

ராஸ் அளவுகோல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் உருவாகி 2002-ல் வெளியானது. கூட்டல் 4 என்றால் அடிதடி, பூஜ்யம் என்றால் விழித்து அமைதியாக, கழித்தல் 5 என்றால் எதற்கும் அசைவில்லை. சூட்சுமம் நடுவில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு "என்னைப் பாருங்க" என்று சொல்லுங்கள். 10 விநாடிக்கு மேல் பார்வை நின்றால் கழித்தல் 1, அதற்குள் நழுவினால் கழித்தல் 2, அசைவு உண்டு ஆனால் பார்வை சேரவில்லை என்றால் கழித்தல் 3. அதற்கு அப்புறம்தான் தோளைத் தொட்டு அசைக்க வேண்டும். பலர் முதலிலேயே உலுக்கிவிடுவார்கள், அது வேறு சோதனையாகிவிடும்.

சிகாகோவில் வென்டிலேட்டரில் இருந்த 128 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைத்துப் பார்த்தார்கள், 2000-ல் வெளியானது. வென்டிலேட்டர் நாட்கள் மற்ற பிரிவில் 7.3, இவர்களுக்கு 4.9. உடனே எல்லோரும் பின்பற்றினார்கள். ஆனால் 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில், மருந்தைச் செவிலியர் அளவுகோலைப் பார்த்து ஏற்கெனவே குறைவாக வைத்திருந்த இடங்களில், தினசரி நிறுத்தம் கூடுதலாக எதையும் தரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, மருந்தைக் குறைவாக வைத்திருப்பதுதான் பலன் தருகிறது, நிறுத்துவது அதற்கு ஒரு வழி. எனவே "இன்று இவருக்கு ராஸ் எவ்வளவு வேண்டும்?" என்று ரவுண்ட்ஸில் வாய்விட்டுக் கேளுங்கள். இலக்கு இல்லாமல் எண் மட்டும் எழுதிப் பயனில்லை.

ஆறாம் படி: குழப்பம்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள், பழையவர்களும்தான். ட்யூபைப் பிடுங்குகிறவரை எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவரை "நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை" என்போம். டெலிரியம் என்ற குழப்பநிலை அவரிடமும் இருக்கலாம். 2004-ல் வந்த ஆய்வில், ஐசியூவில் டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள், வராதவர்களில் 15 சதவீதம். 2013-ல் வந்த இன்னொன்றில் 821 பேரில் 74 சதவீதத்தினருக்கு அது வந்திருந்தது. ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது நாலில் ஒருவருக்கு நினைவாற்றலும் சிந்தனையும் லேசான அல்சைமர் நோயாளியின் அளவுக்குக் குறைந்திருந்தன. பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் இவர்கள்.

டெலிரியத்தைக் கண்டுபிடிக்கும் கேம்-ஐசியூ என்ற சோதனை 2001-ல் வந்தது. ராஸ் கழித்தல் 4, கழித்தல் 5 என்றால் செய்யவே முடியாது. "இல்லை" என்று எழுதாமல் "மதிப்பிட முடியவில்லை" என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கு நான்கு கேள்வி. திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்காமல் நழுவுகிறதா? ராஸ் பூஜ்யத்தைத் தவிர வேறாக இருக்கிறதா? யோசனை கோவையில்லாமல் இருக்கிறதா? முதல் இரண்டும் இருந்து, கூடவே மூன்றாவதோ நான்காவதோ இருந்தால் டெலிரியம்.

கவனத்துக்குப் பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "ஏ" வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வது வழக்கம். இரண்டுக்கு மேல் பிழை என்றால் கவனம் குறைவு. ஏபிசிடி பழக்கமில்லாத தாத்தாவிடம் இதை அப்படியே நடத்தினால், பிழை குழப்பத்தாலா எழுத்து பழகாததாலா என்று பிரிக்க முடியாது. படங்களைக் காட்டி, "இது முன்னமே பார்த்ததா?" என்று தலையசைக்கச் சொல்லும் மாற்று வழி அசல் முறையிலேயே உண்டு. நான்காவதற்கான கேள்விகள் எளிமையானவை: கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் இருக்குமா, ஒரு கிலோ இரண்டு கிலோவைவிடக் கனமா, சுத்தியலால் ஆணி அடிக்கலாமா. (அசலில் கிலோ இல்லை, பவுண்டு. நம்மூரில் பவுன் என்று காதில் விழுந்தால் பேச்சு நகைக்கடைக்குப் போய்விடும்.)

டெலிரியம் என்று தெரிந்தால் மருந்துதானே? 2018-ல் மைண்ட் யுஎஸ்ஏ என்ற ஆய்வு 566 பேருக்கு ஹாலோபெரிடால், ஜிப்ராசிடோன், வெறும் போலி மருந்து என்று கொடுத்துப் பார்த்தது. டெலிரியம் நாட்களில் வித்தியாசமே இல்லை. ஆகவே நம் கையிலிருப்பது மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட், இரவில் விளக்கைக் குறைப்பது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகளை உள்ளே விட்டுப் பேசச் சொல்வது. டெலிரியம் கூடுவதைக் கவனித்தால் தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு ஏதும் உண்டா என்று மருத்துவரைத் தேடச் சொல்லுங்கள்.

வாயும் தலைமாடும், சுருக்கமாக

வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுக்கத் தலைமாட்டை 45 டிகிரி உயர்த்தினால் நல்லது என்று 1999-ல் 86 பேரை வைத்து ஸ்பெயின் ஆய்வு சொன்னது. 2006-ல் நெதர்லாந்தில் அதையே செய்து, கோணத்தை விடாமல் அளந்து பார்த்தார்கள். 45 என்று உத்தரவு போட்ட கட்டில்களில் சராசரி 30-ஐக்கூட எட்டவில்லை. உத்தரவு தாளில் இருந்தது, நோயாளி சறுக்கிக் கீழே வந்துகொண்டே இருந்தார். கட்டிலில் கோணம் காட்டும் முள்ளைப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

வாய்க்கு குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவுவதைப் பல வருடம் வேதமாகச் சொல்லிக்கொடுத்தோம். 2014-ல் பழைய ஆய்வுகளை மறுபடி அலசியபோது அதன் பலனும் பாதுகாப்பும் சந்தேகத்துக்கு உள்ளாயின. பல்துலக்கும் பிரஷ் மாறாக ஜெயித்துவிட்டது: 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023 கடைசியில் வந்த கணக்கில், மருத்துவமனை நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாளைக்கு இருமுறை போதும். மூன்று முறை துலக்கியதில் கூடுதல் லாபம் தெரியவில்லை.

ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது

பயப்படாதீர்கள். முதலில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஃபீஸ்ட் என்ற ஆய்வு 2011-ல் வந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ஷாக்கில் வந்த 3,141 குழந்தைகளை மூன்றாகப் பிரித்து, இரு பிரிவுகளுக்கு வேகமாக ட்ரிப் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்தில் 10.6, 10.5 சதவீதம் இறந்தார்கள், ஏற்றாத பிரிவில் 7.3. வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனைகள் அவை. பாடப்புத்தக விதி வேறோர் ஊரில் எழுதப்பட்டது.

அடுத்து, ஒரே இடமா பல இடமா? பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஒரே ஐசியூவில் 1,548 பேரில் ஒரு பிரிவினருக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள். ஐசியூவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. அது 2001. உலகமே இன்சுலின் பம்பை மாட்டியது. 2009-ல் நைஸ் சுகர் ஆய்வு பல நாடுகளில் 6,104 பேரிடம் சோதித்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் இறந்தார்கள், 180-க்குள் தளர்வாக வைத்தவர்களில் 24.9. கடுமையாகச் சர்க்கரை தாழ்ந்தது 6.8 சதவீதத்தினருக்கு, மற்ற பிரிவில் 0.5. காரணங்கள் பல. லூவனில் பெரும்பாலும் இதய அறுவை நோயாளிகள், குளுக்கோஸ் தாராளமாக நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது, அளக்கும் முறையும் வேறு. வீங்கிய விரலைக் குத்திச் சாதாரண குளுக்கோமீட்டரில் பார்க்கும் எண்ணை நம்பி இன்சுலின் கூட்டுகிறீர்களா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, செய்முறைப் பகுதியைப் படியுங்கள். எல்லோரும் சுருக்கத்தையும் முடிவையும் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். எங்கே அழுத்தினார்கள், யார் அளந்தார்கள், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

நீங்களே ஒன்று செய்ய நினைத்தால்

பெரிய மருந்து ஆய்வு வேண்டாம். ஒரே நோயாளியைப் பத்து நிமிட இடைவெளிக்குள் இருவர், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல், ஜிசிஎஸ் போடுங்கள். அப்படி இருபது ஜோடி சேர்ந்ததும் எத்தனை பொருந்தியது என்று எண்ணுங்கள். இது தர ஆய்வா, ஆராய்ச்சியா என்பதை உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுதான் முடிவு செய்யும். தாள் தயாரானதும் முதலில் அங்கே போங்கள். நோயாளியால் சம்மதம் தர முடியாதபோது சட்டப்படி அவர் சார்பில் பேசக்கூடியவரிடம் கேட்க வேண்டும், நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். இந்தியாவில் ஐசிஎம்ஆர் என்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை மாற்றிப் பார்க்கும் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேட்டில் பதிய வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அங்கே தனிப் பதிவேடு உண்டு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒரே நோயாளியை இருமுறை கிள்ளுவதும் வலிதான். வழக்கமான ஹேண்டோவர் நேரத்தில், போகிறவரும் வருகிறவரும் எப்படியும் பார்க்க வேண்டிய வேளையிலேயே இதை வைத்துக்கொள்ளுங்கள். தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: எங்கே அழுத்தினேன், எத்தனை விநாடி.